கீபோர்டுக்கு ஒரு எல்-பின் வால்

கம்ப்யூட்டர் சரித்திரம் என்று எடுத்தால் சிப், மெமரி, சாஃப்ட்வேர் என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கும். கீபோர்டின் பின்னால் தொங்குகிற வயருக்கு அதில் நாலு வரி கிடைத்தால் அதிகம். எனக்கு அந்த வயர் மேல் சமீபத்தில் ஒரு தனி மரியாதை வந்திருக்கிறது. வீட்டுத் தேவைக்காக ஒரு சின்ன கீபோர்டுக்கு, நேராக நீட்டிக்கொண்டு நிற்காமல் பக்கவாட்டில் மடங்கிப் போகிற வயர் வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் பாஷையில் எல்-பின். அதைக் கையால் செய்யப் போய், இதெல்லாம் நம்மால் எப்படிச் செய்ய முடிகிறது என்று யோசிக்கப் போய், கிட்டத்தட்ட 150 வருஷக் கதை ஒன்று சிக்கியது. நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். கணக்கு எழுதுகிறவன் கண்ணில் பட்டபடிதான் சொல்லப்போகிறேன்.

மடக்குக் கத்தியில் ஆரம்பம்

பிளக், சாக்கெட் கதை டெலிபோனில் தொடங்குகிறது. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊரில் வணிக ரீதியான முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். யாரை யாரோடு இணைப்பது என்பதை ஆபரேட்டர் கையால் செய்ய வேண்டும். சிகாகோவில் சார்லஸ் ஸ்க்ரிப்னர் என்ற இளைஞர் இதற்கு ஒரு ஸ்விட்ச் செய்தார். மடக்குக் கத்தி போல இருந்ததால் அதற்கு 'ஜாக்-நைஃப்' ஸ்விட்ச் என்று பெயர். கத்தி காலப்போக்கில் காணாமல் போய், ஜாக் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கும் கிடார் வாசிப்பவர் ஆம்ப்ளிஃபயரில் சொருகுகிற 6.35 மி.மீ. பிளக், அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் நேர் வாரிசு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. போர்டில் இருந்த எல்லாத் துளையும் ஒரே அளவு. எந்த வயரையும் எந்தத் துளையிலும் போடலாம். வங்கிக்காரனுக்கு இது உடனே புரியும். எந்த வங்கியின் செக்காக இருந்தாலும் கிளியரிங்கில் செல்லுபடியாவது ஏன்? அளவும், அடியில் இருக்கும் காந்த மை எண் வரிசையும் எல்லா வங்கிக்கும் ஒன்று என்பதால்தான். ஒவ்வொரு வங்கியும் தன் இஷ்டத்துக்குச் செக் அடித்தால் கிளியரிங் ஹவுஸை இழுத்து மூட வேண்டியதுதான்.

வால் இல்லாத கீபோர்டு

கம்ப்யூட்டருக்கு முன்னால் கீபோர்டு என்றால் டைப்ரைட்டர். அதற்கு வால் கிடையாது. விசை, கம்பி, அச்சு எல்லாம் ஒரே உடம்பு. அதனால் ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றாலும் முழு இயந்திரத்தையும் மாற்றியாக வேண்டும்.

இதற்கு நம் ஆட்களிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் பக்கம் போனவர் ஆர். முத்தையா. ஆங்கில டைப்ரைட்டரில் இருப்பது நாற்பத்து சொச்சம் விசை. தமிழில் 247 எழுத்து. இதை அதற்குள் அடைக்க அவர் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். அதிலும் மேலே விழ வேண்டிய புள்ளிக்கு 'நகரா விசை' வைத்தார். சாதாரண விசையை அடித்தால் காகிதம் ஒரு எழுத்து நகரும். நகரா விசையை அடித்தால் நகராது. முதலில் புள்ளி, பிறகு க, இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து 'க்' ஆகிவிடும். எழுதும்போது நாம் க போட்டுப் புள்ளி வைக்கிறோம். டைப்பில் புள்ளி வைத்துக் க போட வேண்டும். பழைய டைப்பிஸ்டுகளின் விரலில் இந்த வரிசை இன்னும் ஊறிக் கிடக்கிறது.

யோசனை முத்தையாவுடையது. செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த ஸைடல் அண்டு நௌமான் தொழிற்சாலை. அவர்களுடைய 'பிஜூ' என்ற சின்ன, கையில் தூக்கிப் போகிற டைப்ரைட்டரிலும் தமிழ் வந்தது. நம்ம ஊர் கையடக்க கீபோர்டுகளின் கொள்ளுத் தாத்தா என்று அதைச் சொல்லலாம். ஊரை விட்டுப் பிழைக்கப் போன ஒரு தமிழர் தன் மொழிக்காக ஒரு கீபோர்டை வளைக்க, கடல் தாண்டி ஒரு பெரிய தொழிற்சாலையின் தயவு வேண்டியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுருள் வயரும் ஐந்து பின்னும்

1977-ல் வந்த ஆப்பிள்-2 கம்ப்யூட்டரில் கீபோர்டு பெட்டியோடு ஒட்டியே இருந்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது கீபோர்டு தனியாகக் கழன்று வந்தது. மடியில் வைத்துக்கூட டைப் அடிக்கலாம். நடுவில் டெலிபோன் ரிசீவர் போல ஒரு சுருள் வயர், முனையில் ஐந்து பின் வைத்த உருண்டை பிளக். அந்த பிளக் ஐ.பி.எம். கண்டுபிடித்தது அல்ல. ஜெர்மானியத் தர நிறுவனமான டி.ஐ.என்., ரேடியோ, டேப் ரெக்கார்டருக்காக வரையறுத்து வைத்திருந்த டின் பிளக். கடையில் ஏற்கெனவே கிடைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். 1983-ல் வந்த மிடி இசைக் கீபோர்டுகளும் அதே ஐந்து பின் பிளக்கைத்தான் எடுத்தன. உருவம் ஒன்று, உள்ளே பேசுகிற பாஷை வேறு.

இந்த டின் பிளக்கில் ஒரு பக்கம் பள்ளம் இருக்கும், ஒரே விதமாகத்தான் சொருக முடியும். அதனால் எல்-பின் வாங்குகிறவர் வயர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தப்பான பக்கம் வாங்கினால் வயர் மேஜைக்குப் பதில் கூரையைப் பார்க்கும்.

1987-ல் ஐ.பி.எம். பி.எஸ்-2 மாடல்களோடு பிளக்கைச் சிறிதாக்கினார்கள். ஆறு பின், 9.5 மி.மீ. குறுக்களவு. பின்னாளில் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறமும் கொடுத்தார்கள். 1984-ல் ரங்கராஜன் கமிட்டி வங்கிகளில் இயந்திரமயத்துக்கு வழி சொன்ன பிறகு, மெல்ல மெல்லக் கவுண்டருக்கு வந்த கம்ப்யூட்டர்களில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்த்தது இந்த ஊதா பிளக்தான். மேஜைக்கு அடியில் குனிந்து குருட்டாம்போக்கில் சொருகினால் பின் வளைந்துவிடும். காலி ரீஃபில் குழாயைப் பின்னில் மாட்டி மெதுவாக நிமிர்த்துகிற வித்தை ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். பொதுவாக ஆன் செய்த பிறகு சொருகினால் கீபோர்டு வேலை செய்யாது. ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அதற்குள் கவுண்டர் முன்னால் வரிசை வாசல் வரை போய்விடும்.

மடக்கு கீபோர்டும் ஊமைத் துளையும்

1999-ல் கையடக்க கீபோர்டுக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. பாம் கையடக்கக் கணினிக்கு திங்க் அவுட்சைட் என்ற நிறுவனம் 'ஸ்டோவவே' என்ற மடக்கு கீபோர்டைச் செய்தது. நாலாக மடித்தால் சட்டைப் பையில் போடலாம். விரித்தால் ஏறக்குறைய முழு அளவு விசைகள். அருமையான பொருள்.

சிக்கல் வாலில் வந்தது. வயரே இல்லை, கணினியை நேராகக் கீபோர்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். அந்தத் துளை ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தினுசு. பாம்-3க்கு ஒன்று, பாம்-5க்கு இன்னொன்று, ஹேண்ட்ஸ்பிரிங் வைஸருக்கு வேறொன்று. கணினியை மாற்றினால் நல்ல நிலையில் இருக்கும் கீபோர்டும் பரணுக்குப் போக வேண்டியதுதான். ஸைடல் தொழிற்சாலை காலத்து நிலைமைதான் மறுபடியும். பொருளை வளைக்கிற சாவி செய்தவன் கையில், வாங்கியவன் கையில் இல்லை.

நாலு வயர்

இதற்கு மாற்று மருந்து ஏற்கெனவே வந்திருந்தது. 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. முதல் பதிப்பு வெளியானது. ஏழு நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. இன்டெல் தரப்பில் முன்னின்றவர் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன அஜய் பட். வீட்டில் ஒரு பிரிண்டரை இணைக்கப் பட்ட பாடுதான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதற்கு ராயல்டி கேட்கவில்லை. எந்தப் பின்னில் என்ன போகும், எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்கிற விவரம் முழுதும் வெளியிடப்பட்டது, யாரும் படிக்கலாம்.

உள்ளே நாலே வயர். சிவப்பு 5 வோல்ட், கருப்பு பூமி, பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. சிவப்பு கருப்பை வரவு செலவு என்று வைத்துக்கொண்டால் பச்சை வெள்ளை இரண்டும் கடிதப் போக்குவரத்து. கீபோர்டு சொல்ல வேண்டிய சேதியும் கொஞ்சம்தான், அவசரமும் இல்லை. யு.எஸ்.பி.யில் கீபோர்டு மாதிரியான பொருள்களுக்கென்றே நொடிக்கு 1.5 மெகாபிட் என்ற மெதுவான வேகம் ஒன்று உண்டு. சினிமா ஏற்றுகிற ஹார்ட் டிஸ்க் வயரைக் கையால் செய்தால் தகராறு வரும். கீபோர்டு வயர் பெருந்தன்மையானது, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வேலை செய்துவிடும்.

பிறகு 2000-ல் மினி, 2001-ல் 'ஆன் தி கோ', 2007-ல் மைக்ரோ, 2014-ல் டைப்-சி. 'ஆன் தி கோ' வந்ததுதான் கையடக்க கீபோர்டுக்குப் பெரிய திருப்பம். மினி, மைக்ரோ பிளக்கில் ஐந்தாவதாக ஒரு பின் இருக்கும். அதைப் பூமி வயரோடு சேர்த்துவிட்டால் போன் 'நான்தான் முதலாளி, எனக்குக் கீழே கீபோர்டு' என்று புரிந்துகொள்ளும். ஒரே ஒரு சால்டர் புள்ளி, போன் கம்ப்யூட்டர் ஆகிவிடும். டைப்-சியில் அதே வேலையைச் செய்வது 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அது இருந்தால்தான் டேப்லெட் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். இல்லாவிட்டால் கீபோர்டு செத்தது போலக் கிடக்கும்.

ஹைதராபாத் கைகள்

ஹைதராபாத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1967-ல் அணுசக்தித் துறையின் கீழ் இங்கே இ.சி.ஐ.எல். தொடங்கியது. தலைமை தாங்கியவர் ஏ.எஸ். ராவ். ஏ.எஸ். ராவ் நகரில் வீடு பார்க்கிற நம்மவர்கள் அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1969-ல் டி.டி.சி.-12 என்ற கம்ப்யூட்டரை அவர்கள் தந்தார்கள். 2011-ல் மாணவர்களுக்கென்று மத்திய அரசு கொண்டுவந்த மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டும் ஹைதராபாத்தில் அசெம்பிள் ஆனது. அதில் முழு அளவு யு.எஸ்.பி. துளை இருந்ததால் வீட்டில் கிடக்கிற கீபோர்டை நேராகச் சொருகிவிடலாம்.

நமக்கு ரிச்சி தெரு எப்படியோ, இந்த ஊருக்குக் கோட்டியில் பேங்க் ஸ்ட்ரீட்டை ஒட்டிய குஜராத்தி கல்லி அப்படி. பிளக், ரெசிஸ்டர், ஸ்லீவ், வயர் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். "பாய், டைப்-சி எல் பின், சால்டர் பண்ற மாதிரி" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்ட ஒரே கேள்வி, "சைடா, மேலயா?" தேர்ந்த கேள்வி. மைக்ரோவில் இடது, வலது, மேல், கீழ் என்று நாலு தினுசு உண்டு, சரியானதைச் சொல்ல வேண்டும். டைப்-சி பிளக்கைத் திருப்பியும் போடலாம் என்பதால் இடது வலது ஒன்றாகிவிட்டது, மேல் கீழும் ஒன்றாகிவிட்டது. நாலு இரண்டானது.

யாருக்காக

தேவைப்பட்டது அப்பாவுக்கு. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு ஹைதராபாத் வந்துவிட்டார். தெலங்கானாவில் 2018 சட்டப்படி பள்ளியில் தெலுங்கு கட்டாயம். என் மகள் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றும் எழுதுவாள். தமிழ் வாயில் மட்டும். அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். தினம் ஒரு பக்கம், தன் சின்ன வயசுக் கதை, பெரிய எழுத்தில் தமிழில் டைப் அடித்துப் பேத்திக்குக் கொடுப்பார். மறுநாள் அவள் படித்துக்காட்டினால்தான் அடுத்த பக்கம். வெட்டாற்றில் எருமை மாடு இழுத்துக்கொண்டு போன கதை பாதியில் நிற்கும்போது யார்தான் எழுத்துக் கூட்ட மாட்டார்கள்?

அவர் அடிப்பது பழைய டைப்ரைட்டர் முறை. முதலில் புள்ளி, பிறகு க. டச் ஸ்கிரீனில் விரல் நடுக்கத்தோடு அது நடக்காது, நிஜ விசை வேண்டும். ப்ளூடூத் கீபோர்டு பார்த்தோம். சார்ஜ் தீர்வதும், இணைப்பு விட்டுப்போவதும், 'பெயர்' செய்யச் சொல்லி என்னை ஆபீஸுக்குப் போன் போட்டுக் கூப்பிடுவதுமாக ஒரு மாதத்தில் கசந்துவிட்டது. வயர் கீபோர்டுதான் சரி என்றானது. ஆனால் டேப்லெட்டில் இருப்பது பக்கவாட்டில் ஒரே துளை. அதில் ஒரு மாற்று பிளக், அதன் மேல் கீபோர்டின் பெரிய பிளக், இரண்டும் சேர்ந்து ஏழு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். முழங்கை பட்டால் கடப்பாரை நெம்புவது போல அவ்வளவு விசையும் துளைக்குள் போகும். துளை ஆட்டம் காண ஆரம்பித்தது. ஒரு வரியின் நடுவில் இணைப்பு அறுந்தால் அப்பா மூடி வைத்துவிடுவார். "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்பார். அந்த வாரம் மூன்று நாள் பக்கம் வரவில்லை. நான் சால்டரிங் அயர்னைத் தேடியது அப்போதுதான்.

செய்முறை, சுருக்கமாக

கீபோர்டு வயரின் பெரிய பிளக்கை வெட்டினேன். உள்ளே நாலு நிறம். நிறத்தை அப்படியே நம்பக் கூடாது. வெட்டிய பிளக்கை எறியாமல் மல்டிமீட்டர் வைத்து எந்தப் பின் எந்த நிறம் என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் வவுச்சர் இல்லாமல் பதிவு போட மாட்டோம், அதே பழக்கம்தான். எல்-பின்னோடு வருகிற குட்டிப் பலகையில் '512' என்று எழுதிய கடுகளவு ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்தேன். 51-க்குப் பின்னால் இரண்டு சைபர், அதாவது 5,100 ஓம். அதுதான் நமக்கு வேண்டியது. ஸ்லீவை முதலிலேயே வயரில் கோர்த்துவிட்டு, நாலு வயரையும் ஈயம் வைத்துப் பற்ற வைத்து, சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவில் மீட்டர் பீப் அடிக்கவில்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் சொருகினேன்.

கடைசிப் படியை மட்டும் தாண்டாதீர்கள். 2016-ல் பென்சன் லியுங் என்ற கூகுள் பொறியாளர், கடையில் விற்ற டைப்-சி வயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே தப்பாக இணைத்த ஒரு வயர் அவருடைய லேப்டாப்பையே கெடுத்துவிட்டது. ஆலையில் செய்ததே அப்படி என்றால் நம் கையால் செய்ததை இரண்டு முறை பார்ப்பதில் தப்பில்லை.

மொத்தச் செலவு 100 ரூபாய்க்குள். பிளக் இப்போது டேப்லெட் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. முழங்கை பட்டாலும் நெம்புவதற்கு எதுவும் நீட்டிக்கொண்டு இல்லை.

முத்தையாவுக்கு டிரெஸ்டன் தேவைப்பட்டது. எனக்குக் குஜராத்தி கல்லியும் சாப்பாட்டு மேஜையும் போதுமாக இருந்தது. நான் அவரை விடக் கெட்டிக்காரன் என்பதால் இது நடக்கவில்லை (அவர் கால் தூசிக்கு ஆகமாட்டேன்). நடுவில் யாரோ உட்கார்ந்து துளையின் அளவை எழுதி, ஊருக்கெல்லாம் படிக்கக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கிற போன், டேப்லெட் எல்லாவற்றுக்கும் டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியது. லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 என்று தேதி குறித்தது. சார்ஜர் குப்பை குறையட்டும் என்பதற்காகத்தான் அந்தச் சட்டம். வீட்டுப் பெரியவர்களின் கீபோர்டுக்கும் அதனால் ஆயுள் கூடும்.

ஊருக்குப் போகும்போதோ, ஊரிலிருந்து பெரியவர்கள் வரும்போதோ அவர்களுக்கு டேப்லெட் வாங்கித் தருகிறவர்கள் ஒரு விஷயம் பாருங்கள். ஸ்கிரீன் எத்தனை இஞ்ச் என்று கேட்பதோடு, பெட்டியைத் திருப்பித் துளை எந்தப் பக்கம் இருக்கிறது, சாதாரண கீபோர்டை ஏற்குமா என்றும் கேளுங்கள். கூடவே அவர்கள் விரலுக்குப் பழகிய முறையில் தமிழ் அடிக்கிற சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுங்கள். பழைய டைப்ரைட்டர் முறை, தமிழ்99 இரண்டுமே என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றில் உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்ளச் சொல்லி அவர்களைப் படுத்த வேண்டாம்.